பிடித்திருத்தல்

செவ்வாய்தோறும் ஆறரை மணிப் படகில்
தால்காவேயிலிருந்து வருகிறாள் யாஸ்னா ஒயார்சோ,
இடுப்பு வரை மட்டுமே உள்ள ஓர் ஆணை
மூட்டையில் சுமந்தபடி.
தீயணைப்புக் கூடத்தின் சிமெண்டுத் தரையில்
அவனைக் கிடத்துகிறாள்.
பிளாஸ்டிக் வாய் எப்போதும் திறந்தே இருக்கும்.

நாங்கள் ஒன்பது பேர்.
பஸ் ஓட்டும் பல்தொமேரோ, ரொட்டிக்கடை இரட்டையர்,
தேவாலயத்துக்கு மர ஓடு வேயும் ஒருவன்,
சால்மன் ஆலையில் மீன் அறுக்கும் நான்.
முதல் நாளே பொம்மைக்கு
எங்கள் மேலாளரின் பெயரை வைத்துவிட்டேன்.
அதனால்தானோ என்னவோ
அழுத்தம் போதவில்லை என்று
என்னிடம் மட்டும் யாஸ்னா சொன்னதே இல்லை.

இருதயம் இடப்பக்கம் என்றிருந்தேன்
ஐம்பத்தொரு வருடம்.
நடுவில், என்றாள், நெஞ்செலும்புக்குக் கீழே.
என்னைவிட இருபத்தேழு வயது இளையவள்.
மீனுக்கு எங்கே என்று எனக்குத் தெரியும்:
செவுளுக்குப் பின்னால், கட்டைவிரல் நுனியளவு,
ஒரு ஷிஃப்டுக்கு நான்காயிரம்.
திரும்பத் துடிக்கவைக்கச் சொல்லி
ஒன்றைக்கூட யாரும் என்னிடம் தந்ததில்லை.

கையுறை கழற்றுவதில் வகுப்பிலேயே முதல் நான்.
தடுமாறியது வேறிடத்தில்.
தொடும் முன் கேட்கவேண்டுமாம்:
"நான் ரெனாத்தா. உதவ வந்திருக்கிறேன். தொடலாமா?"
மேலாளரிடம் கேட்டேன்.
பதிலில்லை.
நினைவில்லாதவரின் மௌனம் சம்மதம், என்றாள் யாஸ்னா.
உலகத்தில் இந்த ஓரிடத்தில்தான் அது செல்லும்.

ஒன்பதாவது வாரம், மழை,
ரேடியோ கரகரத்தது.
விறகுக் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்துவிட்டாள்
இர்மா கொலிவோரோ.
வகுப்பு மொத்தமும் வண்டியில் ஏறியது.
எட்டு வருடமாக நான் பேசாத இர்மா.
ஒரு பன்றி, ஒரு வேலி, என் உருளைக்கிழங்குப் பாத்தி.
சொன்னால் நீளும்.

சேற்றில் அவள் தலைமாட்டில் மண்டியிட்டேன்.
யாருக்கும் பிடிக்காத வேலை அது:
இரு கையாலும் தலையைப் பிடித்து,
கழுத்து அசையாமல், காதை மூடாமல்,
படகு வரும்வரை.

"நான் ரெனாத்தா."
"தெரியும்."
"தொடலாமா?"
பல்தொமேரோ தன் கோட்டை எங்களுக்கு மேல் விரித்து நின்றான்.
"வேறு யாரும் வரலையா?"
"அச்சாவோவிலிருந்து வர நாற்பது நிமிஷம்."
யோசித்தாள்.
"சரி, தொடு."

நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று
வகுப்பில் காட்டமுடியாது.
முதலில் முழங்கால் போனது, பிறகு தோள்.
என் மூக்கு அரித்தது.
அவளுக்கு நான் தலைகீழாகத் தெரிந்தேன்.
"உன் மூக்கில் முடி இருக்கு," என்றாள்.
"பேசாதே."
"அடுப்பில் கிழங்கு வேகுது."
"அணைச்சாச்சு."
"உன்னுடையதைவிட நல்ல கிழங்கு. என் பன்றியைக் கேள்."
அவள் சிரித்தால் தலை அசையும்,
நான் சிரித்தால் கை அசையும்.
இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டோம்.
பிறகு வெகுநேரம்
அவள் பொட்டில் ஓடும் நாடியை
என் விரல் கேட்டுக்கொண்டிருந்தது,
எண்ணச் சொல்லி யாரும் சொல்லாமலே.

விதி ஒன்று உண்டு:
அடுத்தவர் "பிடித்துவிட்டேன்" என்று
வாய்விட்டுச் சொல்லாமல் கையை எடுக்கக்கூடாது.
உப்புக்காற்றில் முகம் வெடித்த ஒரு பையன் வந்து
என் கைகளுக்குக் கீழே தன் கைகளை நுழைத்தான்.
"பிடித்துவிட்டேன்."
நான் விடவில்லை.
"சென்யோரா, பிடித்துவிட்டேன்."

தேர்வு அடுத்த செவ்வாய்.
எழுத்துத் தாளை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.
புதன் காலை, வெட்டுமேசையில்
முதல் மீன் வந்தபோது
இரு கையாலும் அதன் தலையைப் பிடித்து
நின்றுவிட்டேன்.
பெல்ட் தேங்கியது.
பெயருக்கு உரியவர் எழுந்து வந்து
என்ன ஆச்சு என்றார்.
அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானை,
நடுவில், எலும்புக்கு மேல் இருப்பதை,
பார்த்தபடி
ஒன்றுமில்லை என்றேன்.